தென் இத்தாலியச் சிவப்பு ஒயின்: குறைந்த விலையில் நல்ல பாட்டிலைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒயின் கடையில் இத்தாலிய அலமாரியின் முன்னால் நின்று பாருங்கள். கண் மட்டத்தில் பரோலோ, புருனெல்லோ என்ற பேர்பெற்ற சிவப்பு ஒயின்கள் 40, 50 யூரோ விலைச்சீட்டோடு நிமிர்ந்து நிற்கும். தெற்கத்திப் பாட்டில்கள் கண்ணில் பட வேண்டுமானால் பெரும்பாலும் குனிய வேண்டும். பல வருடங்களாக நான் குனிந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். 8 யூரோவிலிருந்து 15 யூரோவுக்குள் இவ்வளவு குணம் உள்ள சிவப்பு ஒயின் வேறு எந்தத் திசையிலிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை. அதே தட்டில் சர்க்கரைப் பாகு மாதிரியான பாட்டில்களும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் வாங்குவது ஐரோப்பியக் கடைகளில், அதனால் விலைகள் யூரோவில். இந்தியாவில் இறக்குமதி வரி ஏறிய பிறகு இதே பாட்டில் பல மடங்கு விலைக்குப் போய்விடும், அங்கே மலிவு என்ற பேச்சுக்கே அதிகம் இடமில்லை. தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான். பிராண்டைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்தத் திராட்சை, எந்த ஊர், யார் பாட்டிலில் அடைத்தது?

முதலில் வரைபடம், அப்புறம் கொஞ்சம் பழங்கதை

இத்தாலி ஒரு காலணி வடிவம் என்பது தெரிந்ததே. குதிகால் புலியா (ஊர்ப்பெயர்தான், கேள்வி இல்லை). விரல் நுனி கலாப்ரியா. இரண்டுக்கும் நடுவில் வளைந்த பாதம் பசிலிக்காத்தா. கணுக்காலின் முன்பக்கம் கம்பானியா, நேப்பிள்ஸ் நகரம் இருக்கும் பகுதி. விரல் உதைக்கும் பந்து மாதிரி சிசிலி. இந்த ஐந்தும் போதும். சார்தினியாவின் கன்னொனாவ் நல்ல ஒயின்தான், ஆனால் அது கிரெனாஷ் திராட்சையின் உள்ளூர்ப் பெயர், அதன் கதையே வேறு.

இவை ஏன் விலை குறைவாக இருக்கின்றன? 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பிரெஞ்சு வியாபாரிகளுக்கு நிறமும் சாராயச் சத்தும் மிகுந்த ஒயின் அவசரமாகத் தேவைப்பட்டது. புலியாவும் சிசிலியும் கப்பல் கப்பலாக அனுப்பின. பிறகு 1880களின் கடைசியில் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் சுங்கவரிச் சண்டை மூண்டது, அந்தச் சந்தை அடைபட்டது. தெற்கத்தி ஒயின் வட இத்தாலிக்கு ஏறத் தொடங்கியது. மெலிந்த வடக்கத்தி ஒயினுக்கு உடம்பு சேர்க்க அதைக் கலப்பார்கள். இத்தாலியர்கள் இதை ‘வீனோ தா தால்யோ’ என்பார்கள், கலப்புக்கான ஒயின் என்று பொருள். நூறு வருடம் அடுத்தவர் பாட்டிலுக்குள் பெயரில்லாமல் போன ஒயின் இது. சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்தது பெரும்பாலும் கடந்த நாற்பது, ஐம்பது வருடங்களில்தான். பெயர் இன்னும் முழுசாக ஏறவில்லை, அதனால் விலையும் ஏறவில்லை. நமக்கு லாபம் அங்கேதான்.

நாக்குக்கு நான்கு சொல்

ஒயின் சுவையைப் பற்றி எழுதுபவர்கள் டானின் என்ற சொல்லை விளக்கப் பாடாய்ப் படுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தாலும், நாவல் பழம் தின்ற பிறகும் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்தத் துவர்ப்புதான் டானின். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. மீதி மூன்று: புளிப்பு, மிஞ்சிய இனிப்பு, தொண்டையில் இறங்கும் சாராயச் சூடு. ஒரு வாய் குடித்ததும் இந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். செர்ரி வாசம், புகையிலை வாசம் எல்லாம் பிறகு தானாக வரும். வராவிட்டாலும் மோசமில்லை.

வாங்கும் வரிசை

பத்துப் பாட்டில் ஒன்றாக வாங்கிக் குவிக்காதீர்கள். நான்கு வாங்குங்கள், கீழே உள்ள வரிசையில் திறவுங்கள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு: மென்மையிலிருந்து முரட்டுத்தனத்துக்குப் போகிறது.

முதல் பாட்டில் சாலிச்சே சலந்தீனோ. இது ஊரின் பெயர், புலியாவின் தென்கோடியான சலெந்தோ தீபகற்பத்தில் இருக்கிறது. திராட்சை நெக்ரோஅமாரோ. பெயருக்குக் ‘கருப்பும் கசப்பும்’ என்று அர்த்தம் சொல்வார்கள். இன்னொரு கட்சி, ‘அமாரோ’ என்பது கசப்பு இல்லை, கிரேக்கத்தில் கருப்பைக் குறிக்கும் ‘மாவ்ரோ’தான் மருவியது, ஆகவே ‘கருப்பு கருப்பு’ என்கிறது. கிரேக்கம் கலந்த பேச்சு இன்னும் சில கிராமங்களில் உயிரோடு இருக்கும் நிலம் அது, அதனால் இரண்டாம் கட்சியையும் தள்ளிவிட முடியாது. கூடவே மால்வசியா நேரா என்ற திராட்சையைக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம், வாசத்துக்காக. நாவல் பழச் சுவை, அடக்கமான துவர்ப்பு, முடிவில் லேசான ஒரு கசப்பு, வெந்தயம் அளவுக்குக்கூட இல்லை. 7 முதல் 10 யூரோவுக்குள் நல்லதே கிடைக்கும். பக்கத்து ஊரான கொப்பர்தீனோவின் பெயரில் வருவதும் இதே குடும்பம், சில சமயம் இன்னும் ஓரிரு யூரோ குறைவு.

இரண்டாவது சிசிலியின் செரசுவோலோ தி வித்தோரியா. ‘செராசா’ என்றால் செர்ரிப் பழம். தீவின் தென்கிழக்கில், வித்தோரியா என்ற ஊரைச் சுற்றி விளைகிறது. 2005இல் டி.ஓ.சி.ஜி. என்ற இத்தாலியின் உச்ச தகுதி கிடைத்தது, சிசிலியில் அந்தத் தகுதி பெற்ற முதல் ஒயின் இது. சட்டப்படி இரண்டு திராட்சைகளின் கலவை: நேரோ தாவோலா 50 முதல் 70 சதவீதம், மீதி ஃப்ராப்பாத்தோ. முன்னது உடம்பு, பின்னது வாசம். 12 யூரோவைத் தாண்டும் என்றால், கலக்காத தனி ஃப்ராப்பாத்தோவோ, சிசிலியா டி.ஓ.சி. (டி.ஓ.சி.ஜி.க்கு ஒரு படி கீழான தகுதி) என்று எழுதிய நேரோ தாவோலாவோ வாங்குங்கள். தனி ஃப்ராப்பாத்தோ எனக்கு மிகவும் பிடித்தது: வெளிர் சிவப்பு, துவர்ப்பே இல்லாத மாதிரி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும்.

மூன்றாவது கலாப்ரியாவின் சிரோ. திராட்சை கல்யோப்போ. லேபிளில் ஜியும் எல்லும் சேர்ந்து பின்னால் ஐ வந்தால் ‘ல்ய’ என்று வாசிக்க வேண்டும், கடைக்காரரிடம் கேட்கும்போது உதவும். இந்தத் திராட்சை கண்ணை ஏமாற்றும். கோப்பையில் ஊற்றினால் பழைய செங்கல் மாதிரி வெளிறிய நிறம். தண்ணியாக இருக்கும்போல என்று நினைத்து வாயில் வைத்தால் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். நிறத்துக்கும் துவர்ப்புக்கும் சம்பந்தமில்லை என்று புரிய வைக்க இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அயோனியக் கடலோரத்து ஊர், பழங்காலக் கிரேக்கக் குடியேற்றப் பகுதி. ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்கு இங்கிருந்துதான் ஒயின் போனது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு, நல்ல கதை, அவ்வளவுதான். லிப்ராந்தி நிறுவனத்தின் சாதாரணச் சிரோ பல நாடுகளில் கிடைக்கிறது, முதல் பாட்டிலுக்கு அது போதும்.

நான்காவது, நான் இந்த வழிகாட்டியை எழுதவே காரணமான அலியானிக்கோ என்ற திராட்சை. பசிலிக்காத்தாவில் மோந்தே வுல்தூரே என்று அவிந்துபோன ஓர் எரிமலை, உயரம் 1,326 மீட்டர். அதன் சரிவுகளில் விளைவதுதான் அலியானிக்கோ தெல் வுல்தூரே. தெற்கு என்றால் வெயில், வெயில் என்றால் சீக்கிரம் பழுக்கும் என்று நினைப்போம். இது நேர்மாறு. தோட்டங்கள் உயரத்தில் இருக்கின்றன, இரவு குளிர்கிறது, திராட்சையும் சோம்பேறி. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோகூட அறுவடை நடக்கும், இத்தாலியில் அநேகமாக எல்லோரும் அறுத்து முடித்த பிறகு. கொடியில் அவ்வளவு நாள் தொங்கியும் புளிப்பு குறையாமல் இருப்பதுதான் இதன் விசேஷம். கருத்த நிறம், நிறைந்த புளிப்பு, வாயை உலர்த்தும் துவர்ப்பு, கொஞ்சம் புகை. வெனோசா என்ற ஊரில் 1957இல் தொடங்கிய கூட்டுறவு ஒயினகம் ஒன்று உண்டு, விலைக்கு மேல் தரம் தருகிறது. ரோமானியக் கவி ஹோரஸ் கி.மு. 65இல் பிறந்த ஊரும் அதுதான். ஒயினைப் பற்றி அவ்வளவு பாடியவர் வேறு எங்கே பிறந்திருக்க முடியும்?

என் முதல் அலியானிக்கோவை நான் பாதியில் மூடி வைத்தேன். வாயெல்லாம் கடுக்காய்த் தூள். மறுநாள் மாலை கறி வேகும்போது, வீணாக்க வேண்டாமே என்று மிச்சத்தை ஊற்றினேன். அதே பாட்டில்தானா என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நாள் காற்று பட்டதில் முள்ளெல்லாம் மழுங்கியிருந்தது. இதை மட்டும் நினைவில் வையுங்கள்: இளம் அலியானிக்கோவை சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே திறந்து, அகலமான ஒரு ஜாடியில் ஊற்றி வைக்க வேண்டும். கார்க்கை மட்டும் எடுத்து வைத்தால் பாட்டில் கழுத்து வழியாகக் காற்று போவது சொற்பம், பயனில்லை.

பிரிமித்தீவோ: இங்கே கவனம்

தெற்கத்தி ஒயின்களில் உலகெங்கும் அதிகம் தெரிந்தது புலியாவின் பிரிமித்தீவோ. அதனால்தான் இதை வரிசையில் சேர்க்கவில்லை. பெயருக்கு முரட்டு அர்த்தம் எதுவும் இல்லை, முதலில் பழுப்பது என்று பொருள். கலிபோர்னியாவின் சின்ஃபண்டல் இதே திராட்சை என்பதை 1990களில் மரபணுச் சோதனை காட்டியது. மூலக்கொடியை 2001இல் குரோவேஷியக் கடற்கரையில், ஸ்ப்ளிட் நகருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள்.

இந்தத் திராட்சையில் சர்க்கரை சட்டென்று ஏறும். எனவே சாராய அளவு 14, 15 சதவீதம் சாதாரணம். லேபிளில் மாந்தூரியா என்ற புலியா ஊரின் பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 13.5 சதவீதம் என்பது விதி. பிரச்சினை அதுவல்ல. கனமான பாட்டில், பொன்னெழுத்து, பதக்கப் படம் என்று 7 யூரோவுக்கு வரும் பல பிரிமித்தீவோக்களில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேலும் சர்க்கரையை வேண்டுமென்றே மிச்சம் விடுகிறார்கள். முதல் வாய் மெத்தென்று இருக்கும், இரண்டாம் கோப்பையில் திகட்டும். ‘அப்பஸ்ஸிமெந்தோ’ என்ற சொல் இருந்தால் திராட்சையை ஓரளவு உலர்த்திப் பிழிந்தது என்று அர்த்தம், அங்கேயும் இனிப்பை எதிர்பார்க்கலாம். இனிப்பு பிடித்தால் தாராளமாக வாங்குங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிடிக்காது என்றால் லேபிளில் ஜோயா தெல் கொல்லே என்ற ஊரைத் தேடுங்கள். பாரி நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, முர்ஜே மேட்டுநிலத்தில் இருக்கிறது. மாந்தூரியாவைவிட உயரம், இரவில் குளிர்ச்சி, அதனால் ஒயினில் புளிப்பு நிற்கிறது. மாந்தூரியாவிலேயே வேண்டும் என்றால் 1932இல் அமைந்த அந்த ஊர்க் கூட்டுறவின் பாட்டில் நம்பிக்கையானது.

பின்லேபிளை வாசிப்பது

முன்லேபிள் அழகுக்கு. விஷயம் பின்னால் இருக்கிறது.

‘இம்பொத்தில்யாத்தோ’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், பாட்டிலில் அடைத்தவர் யார் என்று சொல்லும். தொடர்ந்து ‘ஆல்லோரிஜினே’ என்று இருந்தால், திராட்சையை விளைவித்தவரோ அவர் சேர்ந்த கூட்டுறவோ அடைத்தது. அது இல்லாமல், பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு மட்டும் இருந்தால், அதில் இரண்டு எழுத்து மாவட்டத்தைக் குறிக்கும். டி.ஏ. தாரந்தோ, எல்.ஈ. லெச்சே, பி.இசட். பொத்தென்ஸா, கே.ஆர். குரோத்தோனே. இவை தெற்கு. வி.ஆர். என்றால் வெரோனா: புலியாவிலிருந்து டேங்கர் லாரியில் வடக்கே போய் அங்கே அடைபட்ட ஒயின். குற்றம் இல்லை, சட்டப்படிதான் நடக்கிறது. ஆனால் கலப்பு ஒயின் காலத்துப் பழைய பாதை இன்றும் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். நான் அப்படிப்பட்ட பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவேன்.

இன்னொரு தந்திரம் புதுசு. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரித்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒயின்களுக்குச் சேர்மானப் பட்டியலும் சத்து விவரமும் கட்டாயம். பெரும்பாலானவர்கள் அதை ஒரு க்யூ.ஆர். குறியீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கடையிலேயே கைபேசியால் படித்து, 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். அதைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். 0.5 என்று இருந்தால் 5 கிராம், நாக்குக்கு இனிப்பே தெரியாது. 1.2 என்றால் 12 கிராம், கண்டிப்பாகத் தெரியும். இவ்வளவு எளிதாக உண்மையைச் சொல்லும் லேபிள் முன்பு கிடையாது.

டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி., ஐ.ஜி.டி. என்ற தகுதிகளைப் பற்றி நிறையப் பேசலாம், பேசப் போவதில்லை. அவை எல்லையையும் விதியையும் குறிக்கின்றன, ருசிக்கு உத்தரவாதம் தருவதில்லை. விதிகள் தளர்வான கீழ்ப்படித் தகுதியான ஐ.ஜி.டி. என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ‘ரிசெர்வா’ என்று இருந்தால் கூடுதல் காலம் பழுக்க வைத்தது. முதல் சுற்றில் அது தேவையில்லை, சாதாரணப் பாட்டிலில்தான் திராட்சையின் குரல் தெளிவாகக் கேட்கும்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது

நான்கும் பிடித்துப்போனால் பெரிய பெயர்கள் மீது ஆசை வரும். கம்பானியாவின் தவுராசி அப்படி ஒன்று. 1993இல் டி.ஓ.சி.ஜி. பெற்ற அலியானிக்கோ. குறைந்தது மூன்று வருடம் பழுக்க வைத்த பிறகே விற்கலாம், அதில் ஒரு வருடமாவது மரப் பீப்பாயில். இத்தனை நாள் சரக்கை வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் 20 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். அதே மாவட்டத்தில், பல சமயம் அதே தயாரிப்பாளரின் இளைய கொடிகளிலிருந்து, ‘இர்ப்பீனியா அலியானிக்கோ’ என்ற பெயரில் 10, 12 யூரோவுக்கு வருகிறது. மஸ்த்ரொபெரார்தீனோ, ஃபேவுதி தி சான் கிரெகோரியோ போன்ற பெரிய ஒயின் நிறுவனங்களிடம் இரண்டுமே இருக்கும். மேற்கே தபூர்னோ மலையின் அலியானிக்கோவும் பார்க்கத் தகுந்தது.

சிசிலியின் எட்னா எரிமலைக்கும் இதே கணக்கு. நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சை அங்கே 1,000 மீட்டர் உயரம் வரை விளைகிறது. வெளிறிய நிறம், மெல்லிய உடம்பு, கூர்மையான புளிப்பு. கடந்த இருபத்தைந்து வருடங்களில் அந்த மலைக்கு உலகப் புகழ் வந்துவிட்டது, தனித்தோட்டப் பாட்டில்கள் மலிவு என்ற பேச்சைத் தாண்டிவிட்டன. தோட்டப்பெயர் இல்லாத சாதாரண எட்னா ரோஸ்ஸோ 15 யூரோவுக்குச் சுற்றுவட்டத்தில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். ‘தெர்ரே சிசிலியானே’ என்ற பெயரோடு நெரெல்லோ என்று எழுதியிருந்தால் இன்னும் குறையும்.

அப்ரூத்ஸோவின் மொந்தெபுல்ச்சானோ இந்தப் பட்டியலுக்கு வெளியே, கொஞ்சம் வடக்கே இருக்கிறது. ஆனாலும் மலிவுத் தட்டில் பக்கத்திலேயே நிற்கும். அது திராட்சையின் பெயர். தொஸ்கானாவில் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு, அங்கே விளையும் ஒயின் வேறு திராட்சையில் செய்வது. குழம்ப வேண்டாம்.

வருடமும் வயதும்

நேரோ தாவோலா, ஃப்ராப்பாத்தோ, சாதாரணச் சாலிச்சே எல்லாம் இளசாகக் குடிக்க வேண்டியவை, அறுவடை முடிந்து இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்குள். 6 யூரோ நேரோ தாவோலா ஒன்பது வருடப் பழசாகத் தள்ளுபடியில் நின்றால் அது அதிர்ஷ்டம் இல்லை. அலியானிக்கோவுக்குத் தலைகீழ்: ஐந்து, ஆறு வயதானது அதே விலைக்குக் கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள். நல்ல தவுராசி இருபது, முப்பது வருடம் தாங்கும். பாட்டில் நின்ற இடத்தையும் பாருங்கள். ஜன்னல் வெயிலிலோ சூடான விளக்குக்குக் கீழேயோ நின்ற பாட்டிலை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

வீட்டில்

‘சிவப்பு ஒயினுக்கு அறை வெப்பம்’ என்பது கல் வீடுகளில் குளிரில் நடுங்கிக்கொண்டு குடித்தவர்களின் விதி. 25 டிகிரி அறையில் 14.5 சதவீதப் பிரிமித்தீவோவை ஊற்றினால் சாராயச் சூடுதான் மூக்கில் ஏறும். அலியானிக்கோ, பிரிமித்தீவோ 17 டிகிரி வாக்கில் இருக்கட்டும், குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். சிரோவும் எட்னாவும் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவாக. மிஞ்சினால் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் கெடாது.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: மிளகாய்க் காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும், சாராயச் சூடும் கூடச் சேர்ந்துகொள்ளும். காரமான ஆட்டுக்கறிக் குழம்புக்கு அலியானிக்கோ ஊற்றினால் குழம்பும் கெட்டது, ஒயினும் கெட்டது. அந்த இடத்துக்குக் குளிர்ந்த ஃப்ராப்பாத்தோ. கலாப்ரியாக்காரர்கள் நம்மைப் போலவே மிளகாய்ப் பிரியர்கள், ‘ந்தூயா’ என்ற, ரொட்டியில் தடவும் காரப் பன்றிக் கொத்துக்கறியோடு சிரோதான் குடிக்கிறார்கள். அவர்கள் நாக்கு பழகிய நாக்கு. அலியானிக்கோவுக்குக் கொழுப்பும் உப்பும் வேண்டும்: சுட்ட ஆட்டுக்கறி, முதிர்ந்த காச்சொகவால்லோ பாலாடைக்கட்டி. கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட கத்தானியா ஊர்ப் பாஸ்தாவுக்கு நேரோ தாவோலா.

குடித்த பாட்டிலின் பின்லேபிளைப் படம் எடுத்து, கீழே ஒரு வரி எழுதி வையுங்கள். என் கைபேசியில் இருப்பவை இப்படி: ‘கொப்பர்தீனோ, 6.90, நாவல், திரும்ப வாங்கலாம்’, ‘பிரிமித்தீவோ, பதக்கம் மூன்று, பாயசம்’. இருபது படம் சேர்ந்ததும் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். துவர்ப்பு வேண்டாம் என்றால் அடுத்து வெசுவியஸ் சரிவின் பியெதிரோஸ்ஸோ. துவர்ப்பு போதவில்லை என்றால் புலியாவின் வடக்கே, காஸ்தெல் தெல் மோந்தே கோட்டையைச் சுற்றி விளையும் நேரோ தி த்ரோயா.